அரைக்கட்டை ஏறிய பாட்டு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பண்ருட்டியில் பலாப்பழ லாரிகளுக்குச் சுமை ஏற்றியிருக்கிறேன். கம்மாபுரம் பக்கம் கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துவிட்டு, பந்தல் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கியிருக்கிறேன். எங்கே போனாலும் கிட்டார் கூட வந்தது. அதைக் கற்றுக்கொண்டது கடலூரில், எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில். ராக் வாசிப்பு, புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் வாசித்த குழுவோடு ஒரு வருடம் ஒட்டிக்கொண்டு பழகியது. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் வராவிட்டால் பேஸ் வாசிப்பேன், மாண்டலின் கேட்டால் அதுவும். நோட்டேஷன் படிக்க வராது. பாட்டின் சுருதி எத்தனை கட்டை என்று சொன்னால் போதும்.

என் கிட்டாரின் கழுத்து கடல் காற்றில் வளைந்துவிட்டது. கம்பிகளை முழுசாக முறுக்கினால் இன்னும் வளையும். அதனால் எப்போதும் அரைக்கட்டை இறக்கிச் சுருதி சேர்ப்பேன். பிறகு கேப்போ என்கிற கவ்வியைக் கழுத்தின் முதல் ஃப்ரெட்டில், அதாவது முதல் கட்டத்தில் மாட்டி, இறக்கிய அரைக்கட்டையை ஏற்றிக்கொள்வேன். பல வருடப் பழக்கம், கை தானாகச் செய்யும்.

சிதம்பரத்தில் ஒருவர் சின்ன ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். எனக்கு நிலையான வேலை என்று ஒன்று அதுவரை அமைந்ததில்லை. ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"மச்சான், திருவிழாப் பாட்டு ஒண்ணு, ராக் மாதிரி வேணும். ஒழுங்கா முடிச்சுக் குடு, தெனம் நீதான் இங்க கிட்டாரு. சொதப்பினா வேற ஆளப் பாத்துக்குவேன்."

பாட்டு ஐந்து கட்டை. என் கிட்டாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன்னுடைய புது கிட்டாரைக் கொடுத்தார். வெண்ணெய் மாதிரி இருந்தது. தாள இயந்திரத்தோடு முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தேன்.

பாட வந்தவர் ஒரு நர்ஸ். இரண்டு மணிக்கு டியூட்டி. மைக் முன்னால் அவருக்கு அதுதான் முதல் பாட்டு. சரணத்தின் உச்சிக்குப் போகும்போதெல்லாம் குரல் கீச்சிட்டது. மூன்று முறை பாடினார், மூன்று முறையும் அதே இடம்.

"வீட்ல நல்லாத்தாண்ணே வந்துச்சு," என்றார். கண் கலங்கியிருந்தது.

"பரவால்லம்மா. வேற பொண்ணு ஒண்ணு இருக்கு, கூப்புட்டுக்கறேன்," என்று கூடத்துக்காரர் போனை எடுத்தார்.

அந்த இடைவெளியில் நான் அடுத்ததாக வாசிக்கவேண்டிய பேஸை மடியில் வைத்து, ஒயர் செருகாமல், ஹெட்போனில் பாட்டைக் கேட்டபடி தடவிக்கொண்டிருந்தேன். முதல் சுரமே இடித்தது. விரலை ஒரு ஃப்ரெட் மேலே நகர்த்தினேன். பொருந்திவிட்டது. மேசைமேல் கிடந்த புது கிட்டாரைப் பார்த்தேன். சுருதி இறக்காத அதன் முதல் ஃப்ரெட்டிலும் என் கேப்போ சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

பாட்டு ஐந்தரைக் கட்டையில் நின்றது. அந்தப் பெண்ணின் தொண்டையில் கோளாறே இல்லை.

எனக்கு மட்டுமே தெரியும். பேஸையும் ஒரு ஃப்ரெட் தள்ளியே வாசித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, வேலையும் எனக்கு. அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"போனை வையுங்க," என்றேன். "தப்பு என்னுது. அரைக்கட்டை ஏத்தி வாசிச்சிட்டேன். சிஸ்டர் சரியாத்தான் பாடறாங்க."

கூடத்துக்காரர் என்னையும் கிட்டாரையும் மாறிமாறிப் பார்த்தார். "கேப்போ எதுக்குடா போட்ட? நல்லா இருக்கற காலுக்குக் கட்டையா குடுப்பாங்க?"

நர்ஸ் முதலில் சிரித்தார். அப்புறம், "அண்ணே, ஊசி போடறப்ப நா இப்புடிப் பண்ணா விடுவீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தார்.

கேப்போவைக் கழற்றி மறுபடி வாசித்தேன். நர்ஸ் பாடினார். உச்சி, கை நீட்டினால் எட்டுகிற கொடிக்கயிறு மாதிரி வந்தது. கூடத்துக்காரர் சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அந்தப் பெண் பையிலிருந்து எடுத்த பன்னைக் கடித்துக்கொண்டே டியூட்டிக்கு ஓடினார்.

நான் என் கிட்டாரை உறையில் போட ஆரம்பித்தேன்.

"எங்க கெளம்பற? பேஸ உங்க மாமனா வந்து வாசிப்பாரு?"

பேஸ் வாசித்தேன், எலக்ட்ரிக் வாசித்தேன், இடையில் மாண்டலினும் கொஞ்சம். முடிந்ததும் கூடத்துக்காரர் முகத்தைப் பார்க்காமல் ஒயர்களைச் சுருட்டினேன்.

"திங்கக்கெழம ஒம்பது மணிக்கு வந்துடு," என்றார்.

"கடலூர் பஸ்ஸு இங்க வர ஒம்பதரை ஆயிடும்."

"அப்ப ஒம்பதரைக்கு வாடா."