லாரி முன்னால் ஒரு போட்டோ

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் குழாய் வறண்ட இரண்டாம் நாள், தண்ணீர் லாரி வந்தது. வாளியோடு வரிசையில் நின்றோம். பக்கத்து வீட்டு அக்கா, "நம்ம தண்ணிய சிங்கப்பூருக்குக் குடுத்துட்டு நாம லாரிக்கு நிக்கிறோம் லா," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஆற்றோரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவள்.

"ஆத்துல அமோனியா ஏறிடுச்சுக்கா. நாங்க பிளாண்ட்ட மூடின அன்னைக்கே சிங்கப்பூர்க்காரங்களும் அதே ஆத்துல இருக்கிற அவங்க பிளாண்ட்ட மூடிட்டாங்க. முதல்ல போன் பண்ணி எங்களுக்குச் சொன்னதே அவங்கதான்."

அப்போது எங்கள் சட்டமன்ற உறுப்பினர், லாரி முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ள வந்தார். எல்லோரும் "ஒய்பி, ஒய்பி" என்று மரியாதையாக அழைத்து வழிவிட்டார்கள். நான் விடவில்லை.

"ஒய்பி, போட்டோவ ஆத்தோரமா, அழுக்கு வந்து கலக்குற எடத்துல எடுங்க. ஆளுங்களக் கூட்டிட்டுப் போங்க."

"யார யாரக் கூட்டிட்டுப் போறது?" என்று சிரித்தார்.

"அந்தத் தண்ணியக் குடிக்கிறவங்க எல்லாரையும்."

அடுத்த வாரம் அவர் போனார். இரு நாட்டு அதிகாரிகளோடும் ஆற்றங்கரையில் நிற்கும் போட்டோவை அக்காதான் எனக்கு அனுப்பினார். அதில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆற்றில் அழுக்கை நிறுத்தும் வேலை நடக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.