நசீமா அக்கா தலையில் விழுந்த பழி

செவ்வாய்க்கிழமை காலை சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நம்ம நர்சு நசீமா போயிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நல்ல மனுசிதான். அன்னிக்கு அந்தக் கெட்டுப்போன மருந்தைக் குடுக்காம இருந்திருந்தா என் காலு முழுசா இருந்திருக்கும்" என்றும் சொன்னார். ஐந்து வருடமாக அவர் இதையேதான் சொல்கிறார்.

அந்த மருந்து கெட்டுப்போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன். எழுதுவதற்குள் எத்தனை முறை பேனாவை மூடினேன் என்று கணக்கில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நசீமா அக்கா தருமபுரிக்காரர். தகரப் பெட்டி செய்பவரின் மகள். கணவரைச் சின்ன வயதிலேயே இழந்தவர். ஒரு டாக்டரிடம் நர்சாக இருந்துகொண்டே, சர்க்கரை வியாதிக்காரர்களின் வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுப்பார். கையில் எப்போதும் ஒரு வயர் கூடை இருக்கும். அதற்குள் ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய், நீல மருந்து பாட்டில்.

எண்பதுகள் தொடங்கிய சமயம் அது. என் வீட்டுக்காரருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், ஆள் பாதியாக இளைத்தார். டாக்டர் சர்க்கரை என்று சொல்லி அக்காவை அனுப்பினார். அக்கா அதியமான்கோட்டை பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. "வூட்ல இருக்கிற எல்லாரும் வரட்டுங்க. சர்க்கரை அவருக்கு மட்டும் வரல, இந்த வூட்டுக்கே வந்திருக்குது" என்றார்.

வயலுக்குப் போன என் கொழுந்தனைக் கூப்பிட ஆள் போயிற்று. கடைசியில் என் மாமியார், கொழுந்தன், அவர் மனைவி, என் இரண்டு பெண்கள் என்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம்.

"களி திங்கிறவனுக்கு எங்கேருந்து சர்க்கரை வரும்?" என்று மாமியார் மல்லுக்கு நின்றார்.

"களி நல்லதுதான் ஆயா. ஒரு உருண்டை தின்னா நல்லது. உங்க பையன் மூணு உருண்டை தின்னா அது என்னா பண்ணும், பாவம்?" என்றார் அக்கா. மாமியாரே சிரித்துவிட்டார்.

குழாயில் நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர். விளக்கில் கொதிக்க வைத்தால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறம் வந்துவிட்டால் ஆபத்து. வெள்ளிக்கிழமைதோறும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

முதல் வெள்ளிக்கிழமை செங்கல் நிறம் வந்தது. வீடே சுற்றி நின்று பார்த்தது. அடுத்த நொடி எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது. "என்னத்தடி ஆக்கிப் போட்ட? எம் பையனைக் கொல்லப் பாக்கறியா?" என்றார் மாமியார். ரோட்டோரக் கடையில் போண்டாவும் டீயும் சாப்பிட்டது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாள் சோறு தொடவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமையே எனக்கு வெள்ளிக்கிழமைப் பயம் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை எட்டுச் சொட்டு விட வேண்டிய இடத்தில் மூன்று சொட்டு விட்டேன். நிறம் பச்சையோடு நின்றது. கல்யாணமாகி வந்த பிறகு முதல் முறையாக மாமியார் தன் கையால் எனக்குக் காப்பி கொடுத்தார். அட, என்ன காப்பி அது!

அப்புறம் எப்படி நிறுத்துவது? நோட்டு முழுக்கப் பச்சை. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். நான் ஒவ்வொரு வெள்ளியும் செத்துப் பிழைத்தேன்.

ராகி அடிக்கும் காலம் வந்தது. எங்கள் பக்கம் களத்தில் செருப்போடு ஏற மாட்டார்கள், தானியத்துக்கு மரியாதை. காலில் செருப்பில்லாமல் இருக்கக் கூடாது என்று அக்கா தலைபாடாய் அடித்துக்கொண்டும் இவர் கேட்கவில்லை. சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்ததில், முள் ஏறியது இவருக்கே தெரியவில்லை. சில நாள் கழித்து வீட்டில் ஒரு நாற்றம். ராகி மூட்டைக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று மூட்டைகளையெல்லாம் புரட்டினோம். நாற்றம் அவர் காலிலிருந்து வந்தது.

சேலத்தில் பாதிப் பாதத்தை எடுத்தார்கள். உயிர் தங்குமா என்று தெரியாமல் கிடந்த அந்த வாரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலத்திலிருந்து வாங்கி வந்த என் வீட்டுக்காரரின் சிறுநீரை, நான் வைத்திருந்த அதே நீல மருந்தில் தானே சோதித்தார். செங்கல் நிறம். சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"சரசு, நெசத்தைச் சொல்லு. எத்தனை சொட்டு விட்டே?"

"மூணு" என்றேன். "அக்கா, தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்டுடுவாங்க."

அக்கா குழாயைக் கழுவிக் கூடையில் வைத்தார். "எட்டுச் சொட்டு விடணும்னு உனக்குச் சொல்லிக்குடுத்தேன். சிவப்பு வந்தா ஆக்கிப் போட்டவளைத் திட்டக் கூடாதுன்னு அவங்களுக்குச் சொல்லிக்குடுக்கலை. தப்பு என்னோடதும்தான்" என்றார். வெளியே போய், "மருந்து கெட்டுப்போச்சுங்க. வெயில்ல வெச்சிட்டேன். எங் குத்தம்தான்" என்றார். மாமியார் மண்ணை வாரித் தூற்றினார். கொழுந்தன் வயர் கூடையைத் தூக்கித் தெருவில் எறிந்தார், குழாய் உடைந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு பல வீடுகள் அவருக்குக் கதவை மூடின. அவர் விடவில்லை. திறந்த வீடுகளில் முதலில் ஒரு சத்தியம் வாங்குவாராம்: எந்த நிறம் வந்தாலும் யாரும் யாரையும் திட்டக் கூடாது. அதன் பிறகுதான் விளக்கைப் பற்ற வைப்பாராம். என் வீட்டுக்காரருக்கு ஊசி போடவும் அவர்தான் வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "அக்கா, நான் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "உனக்குப் பயம் எப்பப் போவுதோ அப்பச் சொல்லு. எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார்.

பயம் போகவில்லை. அவர் போய்விட்டார்.

செய்தி வந்த அன்று மதியமே நானும் என் வீட்டுக்காரரும் தருமபுரி போனோம். உள்ளே அவர் முகத்தைப் பார்த்தேன். சுற்றிலும் எந்தெந்த ஊர்ப் பெண்களோ அழுதுகொண்டிருந்தார்கள். "மருந்து விசயத்துல ஒரு தப்பு பண்ணிட்டாங்க, மத்தபடி தங்கம்" என்று என் பக்கத்திலேயே ஒருத்தி சொன்னாள். அதற்கு மேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து தெருவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கூட்டத்தை விட்டு எட்ட, கைத்தடியோடு நின்றிருந்தார்.

"மருந்து கெடலைங்க. நாந்தான் மூணு சொட்டு விட்டேன். அவங்க எனக்காகப் பொய் சொன்னாங்க." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். கீழே தன் காலைப் பார்த்தார். அதற்குள் அக்காவின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர் கைத்தடியை என் கையில் திணித்துவிட்டு, நொண்டிக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்து, தோள் கொடுத்தார். தெரு முனை வரைக்கும் அந்தப் பாதிக் காலோடு சுமந்தார்.

இன்றோடு ஐந்து நாள் ஆகிறது, அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனால் உங்களைப் பற்றி இனி யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.