மேடையில் நின்று கத்திய எங்கள் அண்ணா

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் அண்ணாவின் ஆண்டுத் திவசச் சாப்பாடு பரிமாறத் தொடங்கியிருக்கும். பெரும்பாலோர் முன்னட்டைப் படத்தைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, இதை இலைக்குப் பக்கத்தில் வைப்பீர்கள். கை கழுவிய பிறகு எடுத்துப் போக மறந்துவிடுவீர்கள். அந்த நம்பிக்கையில்தான் நான் மனம்விட்டு எழுதுகிறேன்.

மலர்க் குழுவின் தலைவர் எங்கள் தாய்மாமாவின் மகன், டத்தோ பட்டம் பெற்ற மச்சான். அவர் எனக்கு ஒரு தொடக்க வரியைத் தாமே எழுதித் தந்தார்: "உலகப் புகழ்பெற்ற ஓப்பரா பாடகரும், நம் குடும்பத்தின் கண்மணியுமாகிய..." அண்ணா உலகப் புகழ் பெறவில்லை. குடும்பத்தின் கண்மணியாக ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் உயிரோடு இருந்தவரை இந்தக் குடும்பம் அவரைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவரா? எங்கயோ மேடையில நின்னு கத்துறாரு." ஆகவே தங்கையான நான் என் வழியில் தொடங்குகிறேன்.

அண்ணா பிறந்தது கோலா கங்சாருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே பெரிய கிராணி, தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, அலுவலகமும் இல்லை, செம்பனை நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களைப் போன்ற குடும்பங்களில், பிள்ளை டாக்டரா, என்ஜினியரா, வக்கீலா என்று முதலில் முடிவு செய்வார்கள். பெயர் வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. அண்ணாவுக்கு வக்கீல் என்று முடிவாயிற்று.

அப்பா வானொலியில் ஆங்கிலச் செய்தி மட்டும் கேட்பார். செய்தி முடிந்ததும் சில நாள் யாராவது வெள்ளைக்காரர் நெஞ்சு வெடிக்கப் பாடுவார். அப்பா உடனே மூடிவிடுவார். மூடிய இடத்திலிருந்து அண்ணா பாடத் தொடங்குவார். மொழி தெரியாது, வாயில் வந்த சத்தத்தையெல்லாம் சொற்களாக்கிப் பாடுவார். தோட்டத்து மக்கள் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வேலிக்கு வெளியே நின்று, "என்னாங்க, கிராணி ஐயா மவனுக்கு வயித்து வலியா?" என்று அம்மாவிடம் விசாரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்கள்.

பிறகு அண்ணாவை ஈப்போவில் மாமா வீட்டில் விட்டுப் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே சேர்ந்திசைக் குழுவில் பாடினார். அது தெரிந்த அன்றே மாமா டாக்சி பிடித்துத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். "பெடியன் வேதத்துக்கு மாறப்போறான்! உங்களுக்குச் சொல்லிப்போட்டன்!" என்றார். அண்ணா மதம் மாறவில்லை. அவருக்குக் கோயிலும் ஒன்றுதான், தேவாலயமும் ஒன்றுதான். இரண்டிலும் எதிரொலி எப்படி இருக்கிறது என்று மட்டுமே பார்ப்பார்.

சட்டம் படிக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். முதல் ஆண்டு முடிவதற்குள் சட்டத்தை விட்டுவிட்டு இசைக் கல்லூரியில் சேர்ந்தார். பகலில் படிப்பு, மாலையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுதல். அப்பா அதன்பின் அண்ணாவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியத்தோடு வாழ்ந்தார். கல்யாண வீடுகளில் யாராவது, "மகன் என்ன செய்யிறார்?" என்று கேட்டால், "லண்டனில இருக்கிறார்" என்பார். அதற்கு மேல் கேட்பவர்கள் யாரும் இல்லை. லண்டனில் இருப்பதே ஒரு தொழில் என்று நினைக்கிற கூட்டம் நம்முடையது.

பலருக்கு இன்றுவரை தெரியாது என்பதால் ஒரு விளக்கம். ஓப்பரா என்பது கதை முழுவதையும் பாடியே நடிக்கும் நாடகம். டெனர் என்பது ஆண் குரல்களில் உச்சிக்குப் போகும் குரல். ஒலிபெருக்கி கிடையாது. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் பெரிய வாத்தியக் குழு முழங்கும். அதைத் தாண்டிக் கடைசி வரிசைக்குத் தொண்டை ஒன்றால் மட்டும் போய்ச் சேர வேண்டும். இதை நான் ஒருமுறை ஒரு குடும்ப விருந்தில் விளக்கியபோது ஒருவர் கேட்டார்: "மைக் வாங்கக்கூட வசதியில்லாத ஊரா அது?"

அண்ணாவுக்கு ஜெர்மனியில் ஒரு நகரத்து ஓப்பரா அரங்கில் வேலை கிடைத்தது. அங்கேயும் மனிதர்கள் ஒன்றும் ஒசத்தி இல்லை. அண்ணாவின் நிறத்தைப் பார்த்துவிட்டு வேலைக்காரன், காவலாளி, சுல்தானின் தூதுவன் என்றே வேடம் கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்காக அண்ணா அந்த மேடையில் கதவு திறந்தார், தட்டு ஏந்தினார், "அரசர் வருகிறார்" என்று பாடிவிட்டு ஒதுங்கி நின்றார். அரசராக வந்தவருடைய குரலைப் பற்றி அண்ணா சொன்னவற்றை இந்த மலரில் அச்சிட முடியாது.

கடைசியில் வடக்கே கடலோரத்துச் சிறிய அரங்கு ஒன்று அவரைக் கதாநாயகனாக அழைத்தது. காதலியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாடியபடியே உயிர்விடும் ஓர் இளம் பிரபுவின் வேடம். ஒத்திகையில் இயக்குநர் முகத்துக்கு வெள்ளை மாவு பூசச் சொன்னார். "முகத்துக்குச் சாயம் போடுங்க, வெள்ளையடிக்காதீங்க. நான் சுவர் இல்ல" என்று சொல்லிவிட்டு அண்ணா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாராம். அந்த உச்ச ஸ்தாயியைத் தொட வேறு ஆள் கிடைக்காததால் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்தப் பருவம் முழுவதும் அண்ணா தன் சொந்த முகத்தோடு செத்தார். திரை விழுந்ததும் சபை எழுந்து நின்றது. நான் விடுமுறை எடுத்துப் போய் என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த மச்சானும் மனைவியும் என்னோடு அமர்ந்திருந்தார்கள். மச்சான் முதல் அங்கத்திலேயே தூங்கிவிட்டார். நாடகம் முடிந்து நாங்கள் மேடைக்குப் பின்னால் போனோம். அண்ணா வேர்வை சொட்ட நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், எல்லாம் ஓகேலா. ஆனா இதுல நீங்க யாரு?" என்று கேட்டார் மச்சான்.

"செத்தவன்" என்றார் அண்ணா.

"ஓ! அந்தப் பொட்டிக்குள்ள படுத்திருந்தது நீங்களா?"

 "ஆமா, நானேதான்" என்றார் அண்ணா. ஊருக்குத் திரும்பிய மச்சான், அண்ணாவுக்குப் பிண வேடம்தான் கொடுக்கிறார்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். உங்களில் பலர் அதை இன்னும் நம்புகிறீர்கள்.

ஓய்வு பெற்றதும் அண்ணா ஈப்போவுக்கு வந்து என்னோடு தங்கினார். அவரும் சாது அல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இந்த வெயிலில் கழுத்துக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்வார். விசிறிக்குக் கீழே உட்காரமாட்டார். நான் மிளகாய் வறுத்தால் என் தொண்டையைக் கொல்கிறாய் என்று கத்துவார். சீவிய ஐஸில் சாறு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் கடையைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். அவர் மதித்த ஒரே மனிதப் பிறவி, பக்கத்து வீட்டில் பியானோ வகுப்பு நடத்திய லியோங் ஆண்ட்டி. காலையில் அவர் வாசிப்பார், அண்ணா பாடுவார். ஒரு நாள் சத்தம் இல்லையென்றால் ஆண்ட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, மலாய் மொழியில், "ஹரி இனி தாக் ஞாஞி கா?" என்று கேட்பார். இன்றைக்குப் பாடவில்லையா என்று எங்கள் தெருவில் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

இனி நம் சமூகச் சங்கத்தின் அந்த விருந்து. "மறக்க முடியாத மாலை" என்று இந்த மலரின் வேறொரு பக்கத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். மறந்துவிட்டதால்தான் அப்படி எழுதியிருக்கிறார்.

மச்சான் அப்போது சங்கத் தலைவர். டத்தோ பட்டம் இன்னும் வந்திருக்கவில்லை, வரவேண்டும் என்ற கவலை மட்டும் வந்திருந்தது. எல்லோரும் 'ஒய்.பி.' என்று மரியாதையாக அழைக்கும் பெரிய மனிதர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். அவர் வரும்வரை நேரத்தை ஓட்ட அண்ணாவைப் பாடச் சொன்னார். அண்ணா கறுப்புக் கோட்டோடு மேடையேறினார். லியோங் ஆண்ட்டி பியானோவில் அமர்ந்தார்.

பாட்டுத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் ஒரு குரல்: "வெள்ளைக் காரு வழிய மறிச்சு நிக்குது. யாரோடது? வந்து எடுங்கலா!" அண்ணா நிறுத்தினார். அறிவிப்பு முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினார். பாதியில் சிறப்பு விருந்தினர் வந்தார். நாதஸ்வரமும் தவிலும் அவரைக் கதவிலிருந்து நாற்காலிவரை கொண்டு போய் வைத்தன. அண்ணா நிறுத்தினார். மீண்டும் முதலிலிருந்து. இப்போது ஆட்டிறைச்சிப் பிரட்டல் வந்தது, தட்டுகள் மோதின, சபை எழுந்து வரிசை கட்டியது. அண்ணா நிறுத்தினார்.

மச்சான் மேடைக்கு ஓடி வந்தார். "போதும்லா மச்சான். ஒய்.பி. பசியோட இருக்காரு."

"சாப்பிடச் சொல்லுங்க. நான் அவர் வாய்க்குள்ள நின்னு பாடலயே."

"நீங்க பாடும்போது அவர் எப்படிச் சாப்பிடுவாரு? மரியாத இல்லலா."

"அப்ப, மரியாதையாக் கேக்கச் சொல்லுங்க."

பிறகு சபையைப் பார்த்து, ஒலிபெருக்கி இல்லாமலே, கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார்: "இது சின்னப் பாட்டு. நீங்க பேசாம இருந்தா இது முடிஞ்சிடும். பேசினா நான் மொதல்லேர்ந்து பாடுவேன். எனக்கு அவசரம் இல்ல."

லியோங் ஆண்ட்டி நிமிர்ந்து, "லாகி செகாலி?" என்றார். இன்னொரு முறையா? அண்ணா தலையசைத்தார்.

பசி அன்று நம் சமூகத்தை இசை ரசிகர்களாக்கியது. ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. அண்ணா பாடினார். அந்த உச்சிச் சுரத்தை அவர் பிடித்து நிறுத்தியபோது மண்டபத்துச் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்ததை நான் கேட்டேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அந்த மண்டபத்தில் மேடைப்பேச்சுகளை மட்டுமே கேட்டிருக்கிறேன். கண்ணாடிகள் அசைந்ததில்லை. பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் பிரட்டலை நோக்கி நடந்தார்கள். லியோங் ஆண்ட்டி மட்டும் பியானோவில் அமர்ந்தபடியே கண்ணைத் துடைத்தார். "விருந்தக் கெடுத்துட்டாரு" என்று நீங்கள் அன்று பேசியது ஒன்றுவிடாமல் என் காதில் விழுந்தது.

சில ஆண்டுகளில் அண்ணாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்றார் மருத்துவர். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விட வேண்டும். பேச்சு இருக்காது.

"சாப்பிடலாமா?" என்று கேட்டார் அண்ணா.

"சாப்பிடலாம் அங்கிள். பாடத்தான் முடியாது."

"அப்ப எடுத்துடுங்க."

செய்தி கேட்டு டத்தோ மச்சான் மருத்துவமனைக்கு வந்தார். பட்டம் அதற்குள் வந்திருந்தது. கட்டிலோரம் நின்று கண் கலங்கினார். "மச்சான், நீங்க ஒரு கலைஞர். குரல் இல்லாம எப்படி உயிர் வாழ்வீங்க? நல்லா யோசிங்க."

"கலைஞன் வேலையெல்லாம் முடிஞ்சு நான் ரிட்டையர் ஆயிட்டேன், மச்சான். இனிமே சும்மா உயிரோட இருக்கலாம்னு பாக்குறேன்" என்றார் அண்ணா. அவர் மச்சானிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மச்சானுக்கு முகம் விழுந்துவிட்டது. உங்களில் பலருக்கும்தான். பாட்டில்லாமல் வாழ மறுத்து அண்ணா செத்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். சொல்லித் திரிய ஒரு கதை கிடைத்திருக்கும். அவர் வாழ்ந்து உங்களை ஏமாற்றிவிட்டார்.

புண் ஆறியதும் அண்ணா என்னை ஐஸ் கச்சாங் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்லிச் சைகை காட்டினார். பெரிய கிண்ணமாக வாங்கி, மேலே சிவப்புச் சாறு ஊற்றச் சொல்லி, முழுவதையும் தின்றார். பிறகு இன்னொன்று. கம்பளித் துணி அலமாரிக்குப் போனது. விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டுக் கால்பந்து பார்த்தார். அவருக்குத் துக்கமே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. லியோங் ஆண்ட்டி வாசிக்கிற சில காலைகளில் நான் பார்த்தது உண்டு. அது உங்களுக்கு உரியதல்ல, எழுதமாட்டேன்.

சென்ற ஆண்டு மார்புச் சளி முற்றி, ஒரு வாரம்கூடப் படுக்காமல் போய்விட்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். வேலிக்கு அப்பாலிருந்து கடைசிவரை வாசித்த லியோங் ஆண்ட்டிக்கு நன்றி. அண்ணாவின் கழுத்துக் குழாயை முகம் சுளிக்காமல் சுத்தம் செய்த தாதியருக்கும், அவர் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்ன மருத்துவருக்கும் நன்றி. எனக்கு வேறு பெயர்கள் நினைவுக்கு வரவில்லை.

ஒருவரைத் தவிர. இறுதிச் சடங்கன்று தேவாரம் முடிந்ததும் டத்தோ மச்சான் அவர்கள் கூடாரத்தில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்து, "இது நம்ம மச்சானோட சொந்தக் குரல். ஜெர்மனில பாடினது. இன்டர்நெட்ல தேடிப் புடிச்சேன்" என்று அறிவித்தார். பாட்டு எழுந்தது. நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். "இந்தக் குரல் யாருக்கு வரும்?" என்று ஒருவர் விம்மினார்.

அது அண்ணாவின் குரல் அல்ல. ஊர் உலகமெல்லாம் இசைத்தட்டு விற்ற ஓர் இத்தாலியரின் குரல். அண்ணாவுக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. வானொலியில் அவர் வந்தால் போதும், "ஆடு வந்துட்டுது, மூடு" என்பார். அந்த ஆடு அண்ணாவின் தலைமாட்டில் நின்று கத்த, குடும்பமே கண்ணீர் விட்டது. நான் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டேன். என் தோள் குலுங்கியதைப் பார்த்துவிட்டு மச்சான் பக்கத்தில் வந்து, "அழுங்க, அடக்காதீங்க" என்றார்.

அந்த நாளில், அந்த இடத்தில், என்னை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்ததற்காக டத்தோ மச்சான் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

தங்கை,
ஈப்போ