துரை பங்களாவின் கீழ்ச்சரிவு

அதற்குக் கோடைக்காலக் களப்பயிற்சி என்று பெயர். மலாக்காவில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது; வெயில் வருடம் முழுக்க மண்டையைப் பிளக்கிறது. கோடை அவர்களுடையது. வெளிநாட்டுத் தொல்லியல் பேராசிரியர் ஒருவர் தன் மாணவர்களோடு விடுமுறையில் வந்து, பெம்பான் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை வாழ்ந்த பங்களாவைத் தோண்டினார். உள்ளூரிலிருந்து சேர்த்துக்கொண்ட சரித்திர மாணவர்களில் நானும் ஒருத்தி. அது என் அப்பா பிறந்த தோட்டம். அதனால்தான் ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்தேன்.

துரை குடித்துப் போட்ட பாட்டில்களுக்கு நடந்த மரியாதையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சில்லு கிடைத்தால் அதற்குப் படம், அளவு, தனிப் பை. துரையின் சட்டைப் பொத்தான் கிடைத்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். தோண்டிய மண்ணை எங்கே கொட்டினோம் தெரியுமா? தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்த இடத்தில். ரப்பருக்குப் பால்மரம் சீவியவர்கள் பிள்ளை பெற்று வளர்த்த தரை அது. அங்கேயும் ஒரு குழி போடலாமே என்று கேட்டேன். "அங்கே என்ன இருக்கப்போகிறது?" என்றார் பேராசிரியர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவண்டியைத் தள்ளினேன்.

பயிற்சி முடியப்போகும் நேரத்தில் பங்களாவுக்குக் கீழே இருந்த சரிவில் ஒரு குழி எடுத்தோம். மண்பானை ஓடுகள் குவியலாக வந்தன. பாட்டில் சில்லுகளைக் கழுவியதுபோலவே அவற்றையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவினோம். நிறைய ஓடுகளில் ஓட்டை இருந்தது. சுட்டபோது விட்ட ஓட்டை இல்லை. வெளியிலிருந்து கத்தி முனையால் தட்டியது. பேராசிரியருக்கு ஒரே மகிழ்ச்சி. பங்களாச் சமையல்காரர்கள் இவற்றில்தான் சோறு வடித்திருக்கிறார்கள், உடைந்ததும் இங்கே வீசியிருக்கிறார்கள் என்று விளக்கம் சொன்னார். தட்டில் 'சமையலறைக் குப்பை' என்று சீட்டும் ஒட்டியாகிவிட்டது.

சோறு வடிக்கவாம்! பானையைக் குத்தி ஓட்டை போட்டுச் சோறு வடிக்கிற தமிழர் வீடு எந்த ஊரில் இருக்கிறது? அவை கொள்ளிக்குடங்கள். இறந்தவரின் மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வருவான். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருகிறவர் கத்தியால் ஒரு ஓட்டை போடுவார். தண்ணீர் ஒழுக ஒழுக நடந்து, கடைசியில் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைப்பான். நாங்கள் தோண்டிக்கொண்டிருந்தது தோட்டத்து இடுகாட்டை.

அந்த இடம் எது என்று தெரியாமல்தான் என் அப்பா இத்தனை வருடம் தவித்தார். அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது தாத்தாவை இங்கேதான் புதைத்தார்கள். பிறகு பால்மரங்களை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது கல்லறை மேடுகளையும் சேர்த்துச் சமமாக்கிவிட்டார்கள். குடும்பங்கள் பாச்சாங், புக்கிட் பெருவாங் என்று ஊர் ஊராகச் சிதறின. தீபாவளிக்கு முன்னால் மற்றவர்கள் கல்லறையைத் துப்புரவு செய்து படையல் வைப்பார்கள். என் அப்பா மோட்டார் சைக்கிளில் இங்கே வந்து, சாலை ஓரமாக நின்று, செம்பனைக் காட்டைப் பார்த்துப் பொதுவாகச் சூடம் கொளுத்திவிட்டு வருவார். எந்தப் பக்கம் கும்பிடுவது என்று அவருக்கே தெரியாது.

தோட்டத்தை வாங்கிய கம்பெனி பங்களாவை ஹோட்டலாக மாற்றப்போகிறது. கீழ்ச்சரிவு கார் நிறுத்துமிடம். பேராசிரியரின் அறிக்கையில் இடுகாடு என்று இருந்தால் வேலி போட்டு விட்டுவிடுவார்கள். குப்பை என்று இருந்தால் புல்டோசர் வந்து நிற்கும்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எலும்பு எதுவும் கிடைக்கவில்லையே" என்றார். தோண்டி எடுத்துப் பாருங்கள் என்று என் தாத்தாவைப் பற்றி நான் எந்த வாயால் சொல்வேன்? நீ சொல்வது வெறும் கருத்து, நேரில் பார்த்த ஒருவர் வந்து அடையாளம் சொன்னால் எழுதலாம் என்றார். துரையின் பொத்தானுக்கு யாரும் சாட்சி கேட்கவில்லை. பொத்தான் என்றதும் பொத்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். எங்கள் சாவுக்கு மட்டும் சாட்சி வேண்டும்.

கண்டெடுத்தவற்றைக் காட்சிக்கு வைத்த நாளில் அப்பாவை வரச் சொன்னேன். ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர், லீவு போட்டுவிட்டு, தேய்த்த சட்டையோடு வந்தார். என்ன விஷயம் என்பதை வாசலிலேயே சொன்னேன். உள்ளே வந்தவர், மேசைமேல் இருந்த ஓடுகளைத் தூரத்தில் பார்த்ததும் சட்டென்று முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னப்பா?"

"அதைப் பாக்கக் கூடாதுலா பாப்பா. குடத்தைப் போட்டுட்டுத் திரும்பாம போயிரு, திரும்பினா ஒங்கப்பா நிம்மதியாப் போவ மாட்டாருன்னு சொன்னாங்க. ஒடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. அழுதுக்கிட்டே நடந்தேன், திரும்பல. நீங்க அதக் கழுவி மேசையில வெச்சிருக்கீங்க."

பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்கள் மின்னின. அருமை, இதைப் பதிவு செய்யலாமா என்று கேட்டார். கூடவே, பொருளைப் பார்க்காமல் அடையாளம் சொன்னதாக எழுத முடியாது, உன் அப்பா ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்றார். தட்டோடு தூக்கி அவர் மேலேயே எறியலாம் என்று இருந்தது. ஒரு பிள்ளை தன் அப்பாவுக்காகக் காத்த சொல்லை விடவா இந்தச் சீட்டு பெரிது?

"நீங்க திரும்பிப் பாத்தாத்தான் எழுதுவாராம். வாங்கப்பா, போலாம்."

"போனா?"

"குப்பைன்னு எழுதுவாங்க."

"அப்புறம்?"

"அங்க காடி நிறுத்துவாங்க."

அப்பா திரும்பினார். மேசைக்கு வந்து, தட்டில் இருந்த ஒவ்வொரு ஓட்டுத் துண்டையும் பார்த்தார். தொடவில்லை. "ஆமா சார். எங்க ஆளுங்க குடந்தான்" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார்.

வேலி வரப்போகிறது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று அப்பாவுக்கு இனித் தெரியும். நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு வயிறு எரிகிறது.

வெளியே வந்து குழாயடியில் கால் கழுவினார். முகம் கழுவினார். மறுபடியும் முகம் கழுவினார். பிறகு, படித்தவள் என்று நம்பி, என்னிடம் கேட்டார்:

"நான் திரும்பிப் பாத்துட்டேனே பாப்பா, எங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"