பதினேழாம் நம்பர் வீட்டில் பால் பொங்கியது

அரசாங்கம் திரௌபதிக்கு வீடு கொடுத்தது. அவள் வேண்டாம் என்றாள். 1979-இல் திருவண்ணாமலையில் ஒரு பிரஜை செய்யக்கூடிய பெரிய குற்றம் அதுதான்.

அதுவரை அவளும் புருஷன் வேணுவும் ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி, உரச் சாக்குகளைத் தைத்துப் போட்ட கூரையின் கீழ் குடியிருந்தார்கள். வேணுவுக்குக் காசநோய். தினம் காலையில் ஒரு ஊசி. ஒரு வருஷம் விடாமல் போட்டால் பிழைப்பான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்தடி நடந்தால் இருமி உட்கார்ந்துவிடுகிறவனுக்கு அந்த மதில் ஓரத்தைவிட வாகான மனை உலகத்தில் இல்லை. திரௌபதி பக்கத்து டீக்கடைகளுக்குத் தண்ணீர் சுமந்து கஞ்சிக்கு வழி செய்தாள்.

வீடற்றோருக்கு வீடு தரும் அலுவலகம் ஒதுக்கிய பதினேழாம் நம்பர், ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி, ஏரி உள்வாயில், தண்ணீர் தேங்கும் இடத்தில், கட்டிய காலனியில் இருந்தது. ஓடு உண்டு, கதவு உண்டு, பஸ் கிடையாது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பு. போன மழையில் தான் ஏறி வந்த உயரத்தை ஏரி சுவரில் கோடு போட்டே காட்டியிருந்தது. அந்த அளவுக்கு நேர்மை அலுவலகத்துக்கு இல்லை.

மறுத்தால் பட்டியலில் பெயர் அடிபடும், மதில் ஓரமும் காலியாகும் என்றார் குமாஸ்தா. ஆனால் சாவியை வாங்கிக்கொண்டு ஆட்சேபணை மனு போடலாம். ஆய்வாளர் நேரில் பார்த்து, வீடு பொருந்துமா பொருந்தாதா என்று எழுதுவார். அதுவரை மதில் ஓரத்தை யாரும் தொடமாட்டார்கள். திரௌபதி மனு போட்டாள்.

ஆய்வாளர் வரும் நாளில் காலனிக்குக் கிளம்பியவளிடம் வேணு ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினான்: "அங்க பால் மட்டும் காய்ச்சிடாத. காய்ச்சாத வரைக்கும் அது கவருமெண்டு வீடு. காய்ச்சிட்டா நம்ம வீடு."

வைகாசி வெயிலில், தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு, சைக்கிள் மிதித்து வந்தார் ஆய்வாளர் ராமகிருஷ்ணன். நல்ல மனிதர். திரௌபதி சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். பிறகு நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டார்.

மனுவில் எழுதிய அந்த உப்புத் தண்ணீரில் ஒரு சொம்பு கொடுத்திருந்தால் வழக்கு அங்கேயே ஜெயித்திருக்கும். ஆனால் வாசலேறி வந்த மனுஷனுக்கு அதை எப்படிக் கொடுப்பது? பக்கத்துக் கொல்லையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆராயியிடம் ஓடினாள். பாலும் பாத்திரமும் வாங்கி வந்தாள். வெளியே காற்று, உள்ளே மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். பால் சூடாகிற நேரம் வீணாவானேன் என்று, சுவரில் ஏரி போட்டிருந்த கோட்டை அவருக்குக் காட்டப் போனாள்.

கலப்பில்லாத பால். பொங்கிவிட்டது. அதுவும் கிழக்குப் பக்கமாக.

ராமகிருஷ்ணன் சுவரை விட்டு அடுப்பருகே வந்து நின்றார். மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். பாலை ஆற்றிக் குடித்துவிட்டு, எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: "மனுதாரர் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டார். ஆட்சேபணை முடிந்தது."

"உங்களுக்குத்தாங்க காய்ச்சினேன்," என்றாள் திரௌபதி.

"யாருக்குக் காய்ச்சினா என்னம்மா? பொங்கினது உங்க வீட்டுல. கிழக்கால பொங்கின வீட்டை ஆகாதுன்னு நான் எப்படி எழுதறது? எனக்கும் புள்ளகுட்டி இருக்குது."

அந்த வாரமே மதில் ஓரம் சுத்தமாயிற்று. வீட்டுக்காரிக்கு மதிலோரம் எதற்கு?

விடியுமுன் வேணுவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து நாலு மைல் தள்ளிக்கொண்டு போவாள். ஊசி போட்டதும் திரும்ப நாலு மைல். டீக்கடைகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. ஐந்து மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஐப்பசியில் ஏரி நிரம்பி, பாதையை அறுத்துக்கொண்டு, போன வருஷக் கோட்டைத் தேடி வந்தது. பதினொரு நாள் ஊசி இல்லை. பரணுக்கு வழியில்லாத வீட்டில், வண்டியை உள்ளே இழுத்து அதன்மேல் அவனைக் கிடத்தியிருந்தாள்.

"ஓடு ஒழுகலடி," என்றான் வேணு, மேலே பார்த்தபடி. "யாராச்சும் கேட்டா அதையும் சொல்லிடு."

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக அவன் இல்லை.

கார்த்திகையில் திரௌபதி சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். வீட்டை ஒப்படைக்கும் காரணத்தைப் பாரத்தில் எழுத வேண்டும் என்றார் குமாஸ்தா. அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"நாலு மைலுங்க," என்றாள்.

கட்டம் சின்னது. குமாஸ்தா அதில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி, அவள் கட்டைவிரலை மையில் தோய்த்து ரேகை வாங்கிக்கொண்டார்.