பார்த்ததை மட்டும் சொல்லுங்க

வியாகுலம் என்றால் துக்கம். மாதாவை நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களாம். ஆனால் அந்த மனிதரைப் போல வாய்விட்டுச் சிரிக்கிறவரை அதியமான்கோட்டையில் நான் பார்த்ததில்லை. நல்லம்பள்ளி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். வீடு என் பஞ்சர் கடைக்குப் பின்தெருவில். சர்க்கார் சம்பளம் மாடு ஆடுகளுக்காக. நாய், பூனைகளை லீவு நாளில் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுவார்.

யாராவது வந்து "பூனைக்கு வாதங்க" என்று ஆரம்பித்தால் கையை நீட்டித் தடுப்பார். "பேரு வெக்காதீங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க." எப்போதிலிருந்து, என்ன தின்றது, எப்படி நடந்தது என்று வக்கீல் மாதிரி கேட்டுக்கொண்டே போவார். ஒரு ஊசியைப் போட்டு அனுப்பாமல் இதென்ன வெட்டி விசாரணை என்று எனக்கு எரிச்சல் வரும். இந்த தஸ்தகீரின் பொறுமை எவ்வளவு என்று ஊருக்கே தெரியும்.

என் கடையில் டயர்களைக் காவல் காத்தது ஜாக்கி என்ற பெட்டை நாய். வீட்டுக்குள் நாய் ஆகாது, கடைக்கு ஆகும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வளர்த்தேன். எண்பத்து நாலாம் வருஷம் அது ஏழு குட்டி போட்டது. இருபது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறந்தால், ஜாக்கி கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தது. உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை.

"வெறி புடிச்சிருச்சு!" என்று முதலில் கத்தியவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ரோட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த நஞ்சப்பன் கட்டையோடு ஓடி வந்தான். நான் டயர் கழற்றும் இரும்பைக் கையில் எடுத்தேன். நாய் என்றாலே முகம் சுளிக்கிற என் மனைவி ஹமீதுன்னிசா, "கொஞ்சம் இருங்க!" என்று சொல்லிவிட்டுப் பின்தெருவுக்கு ஓடினாள்.

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த வெள்ளை முழுக்கைச் சட்டையோடேயே வியாகுலம் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வெறிங்க" என்றேன்.

"பேரு வெக்காதீங்க பாய். குட்டி எத்தன?"

"ஏழு."

"என்ன போடுறீங்க?"

"டீக்கடை பன்னு... மிச்சச் சோறு." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"அதக் கூப்புடுங்க."

"ஜாக்கி" என்றேன். அந்த இழுப்பிலும் வால் நுனி லேசாக ஆடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆளத் தெரியுது. பால்லயே சுண்ணாம்புச் சத்தெல்லாம் எறங்கிப் போச்சுங்க. கறவ மாட்டுக்கு வர்றதுதான் இதுவும்" என்றபடி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தார். மாட்டுக்கு வைத்திருந்த கால்சியம் மருந்தை முன்னங்கால் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். இன்னொரு கை அதன் நெஞ்சிலேயே இருந்தது. நடுவில் ஜாக்கி ஒரு முறை உதறித் தலையைத் திருப்பியது. அவர் அசையவில்லை.

கால் மணி நேரத்தில் இழுப்பு நின்றது. அரை மணி நேரத்தில் எழுந்து, தள்ளாடியபடி தண்ணீர் குடித்தது. நஞ்சப்பன் கட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பால் கொண்டுவரப் போனான். வியாகுலம் சட்டைக் கையை இறக்காமல் என் கடைக் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். புது சோப்பு பாதி கரைந்துவிட்டது. "வெள்ளச் சட்ட மேல அவ்வளவு அக்கறையா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே சட்டைக் கையை இறக்கிப் பட்டனைப் போட்டார்.

ஏழு குட்டிகளையும் பிரித்துப் புட்டிப்பாலுக்கு மாற்றச் சொன்னார். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜாக்கியைப் பார்க்க வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து வருவார். "சோத்த ஒரு கட்டு கட்டிட்டீங்களா?" என்று நான் கேட்காத நாள் இல்லை. அதற்கும் சிரிப்புதான்.

பத்தாம் நாள் ஜாக்கி அவர் மேல் தாவி முகத்தை நக்கியது. அவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"இன்னியோட ஊசிய நிறுத்திறலாம் பாய்."

"ஜாக்கிக்கு ஏது ஊசி?"

"எனக்குங்க" என்று சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே பல் கீறிய தழும்பு. "பத்துக்கு எட்டு தெரியும் எனக்கு, இது வெறி இல்லன்னு. பாக்கி ரெண்டுக்குத்தான் தெனமும் காலையில தர்மபுரி போயி தொப்புளச் சுத்திப் போட்டுக்கிட்டு வந்தேன். பத்து நாளு நாய் நல்லாருந்தா பயமில்ல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க!"

"பல்லு பட்டுச்சுன்னு சொல்லியிருந்தா அத உட்டுவெச்சிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அந்த இரும்பு அன்றைக்குக் கடைசி வரை என் கையில்தான் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவரை நல்லவர், பெரிய மனசுக்காரர் என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பெயர் வைப்பது அவருக்குப் பிடிக்காது. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். என் நாயை நான் அடித்துவிடக் கூடாது என்று, ஒரு மனிதர் பத்து நாள் தன் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, என் கிண்டலுக்கும் சிரித்துவிட்டுப் போனார்.