வெள்ளிக்கிழமை படித்த நோட்டீஸ்

ஜெயா, செல்வம், குட்டி, மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவர் படிக்க மற்ற இருவர் கேட்டாலும் சரி. போன ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தபோது, மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலை உங்கள் அம்மா அவர் தராசில் வைத்துவிட்டாள். நான் பாதி சவரத்தில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். "ஓட்டைப் புனலுக்கு எங்கப்பா சண்டை போடறாரு" என்று குட்டி தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான். சிரிக்க வேண்டிய காட்சிதான். நானே பிறகு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தேன்.

ஆனால் அது புனல் இல்லை. வாயை வைத்துப் பேசுகிற தகரக் குழல். சின்ன முனையில் வாய், பெரிய முனையில் ஊர். அதை மூக்கருகே கொண்டுபோனால் உங்களுக்கு மண்ணெண்ணெய் மட்டும்தான் வாசம் வரும். எனக்கு அதற்கு அடியில் ஆவாரம் பட்டையும் சுண்ணாம்பும் ஊறின தோலும் வரும். அந்த வாசத்தை விட்டு ஓடத்தான் நான் சர்க்கார் வேலைக்கே போனேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் இருக்கும். வேலூரில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கென்று ஓர் ஆபீஸ் இருந்தது. எட்டாவது பாஸ் செய்த எனக்கு அங்கே அட்டெண்டர் வேலை கிடைத்தது. நம் ஜில்லாவில் அப்போது தெருவுக்கு நாலு பேர் பர்மாவைப் பார்த்தவர்கள், எகிப்தைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு சர்க்கார் எதையாவது அறிவித்துக்கொண்டே இருக்கும். புறம்போக்கு நிலம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சலுகை, ஆஸ்பத்திரியில் கட்டில். அறிவிப்பு இங்கிலீஷில் வரும். ஹெட் கிளார்க் அதைத் தமிழாக்குவார். அந்தத் தமிழை மறுபடியும் தமிழாக்குவது என் பாடு. "மேற்படி ஷரத்துகளுக்கு உட்பட்டு" என்று ஹெட் கிளார்க் எழுதியதை, "சொல்ற மாதிரி செஞ்சா குடுப்பாங்க" என்று நான் மாற்றிச் சொல்வேன்.

சைக்கிளை பஸ் மேலே போட்டுக்கொண்டு ஒடுகத்தூர், ராணிப்பேட்டை, ஜோலார்பேட்டை என்று சுற்றுவேன். ஒரு மரத்தடியிலோ தோல் பதனிடுகிற டேனரி முற்றத்திலோ நின்று குழலில் நோட்டீஸைப் படிப்பேன். முடிந்ததும், "யாருக்குனா சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று கேட்டு ஒரு பீடி பாதி எரிகிற நேரம் நிற்க வேண்டும். அது ஆபீஸ் உத்தரவு. யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ரம்மு பத்தி ஒண்ணும் போடலியா தம்பி?" எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு மணியக்காரரிடமோ மேஸ்திரியிடமோ, இன்ன கிழமை, இத்தனை மணிக்கு, இந்த இடத்தில் படித்துக் காட்டப்பட்டது என்று தாளின் முதுகில் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். ஒடுகத்தூர்ப் பக்கம் போனால் துண்டு நிறைய பச்சை வேர்க்கடலை கட்டித் தருவார்கள். காக்கிச் சட்டை, சைக்கிள், கையில் குழல். என்னைப் பார்த்து நானே மயங்கியிருந்த காலம்.

ஓர் இடத்துக்குப் போக மட்டும் எனக்குக் கால் வராது. ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றை ஒட்டி இருந்த ஒரு டேனரி. அங்கேதான் உங்கள் தாத்தா வேலை செய்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் தாத்தா தோல் வியாபாரி என்று உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை இறங்கித் தோல் அலசினவர். வேலையில் சேர்ந்த முதல் நாள் ஹெட் கிளார்க், "அப்பா என்னய்யா பண்றார்?" என்றார். "தோல் பிசினஸ் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் நாற்காலியைக் காட்டினார். அட்டெண்டருக்கு நாற்காலி! அடுத்த வாரமே, "உங்க கடையிலேர்ந்து எனக்கு ஒரு ஜோடி செருப்பு கொண்டாய்யா" என்றார். இல்லாத கடைக்காக ஆம்பூர் பஜாரில் செருப்பு வாங்கி, வியாபாரி மகன் மாதிரி அலட்சியமாக அவர் மேஜையடியில் வைத்தேன்.

செருப்பு என்றதும் முனுசாமி மாமாதான் ஞாபகம் வருகிறார். சொந்த மாமா இல்லை, தாத்தாவின் தோஸ்து. பர்மாவில் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தவர். கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு நடப்பார். டேனரியின் ஈரக் கல்லில் கட்டை வழுக்கி இரண்டு முறை விழுந்திருக்கிறார். நின்று செய்கிற வேலை எதையும் மேஸ்திரி அவருக்குத் தரவில்லை. பெண்களோடு கோணிமேல் உட்கார்ந்து தோலின் ஓரம் வெட்டுகிற வேலைதான். "எங்க மாமியாருக்கு மீசை ஜாஸ்தி" என்று அந்தப் பெண்களில் ஒருத்தியான கன்னியம்மா கிண்டல் செய்வாள். மாமாவும் மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும், ஆண்கள் வரிசையாக நின்று மரக்கட்டைமேல் தோலைப் போட்டுச் சுரண்டுகிற பக்கம் ஒரு பார்வை போகும்.

செருப்பை ஜோடியாகத்தானே விற்பார்கள்? அவர் வலது செருப்பு தேய்ந்ததும் புது ஜோடி வாங்குவார். இடது செருப்பு புதிதாகவே வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். நான் பார்த்தபோது ஐந்து தொங்கின. பழையது காய்ந்து முனை சுருண்டிருந்தது. "தூக்கிப் போட வேண்டியதுதானே மாமா" என்றேன். "சர்க்கார் கால் குடுத்தா அதுக்குப் போட வாணாமா மாப்ள? கால் வரட்டும், நானும் கட்டைமேல தோலைப் போட்டு நின்னு சொரண்டறேன் பாரு" என்றார். ஒவ்வொரு தடவை என்னைப் பார்க்கும்போதும் இதே கேள்விதான்.

"இன்னா மாப்ள, எதுனா வந்துச்சா?"

"வந்தா உங்களுக்குச் சொல்ல மாட்டேனா மாமா?"

வந்தது. சண்டையில் கை கால் இழந்தவர்களுக்குப் பூனாவில் செயற்கைக் கால் பொருத்தித் தருவார்கள், ரயில் பாஸும் உண்டு, துணைக்கு ஒரு ஆள் போகலாம், இன்ன தேதிக்குள் மனு வர வேண்டும். மூன்று வாரக் கெடு. அந்த நோட்டீஸை ஜில்லா முழுக்கத் தொண்டை கட்டுகிற அளவுக்குப் படித்தேன். அந்த ஒரு டேனரியில் மட்டும் படிக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அங்கே குழலை வாயில் வைத்தால், தொட்டிக்குள்ளிருந்து யாராவது, "டேய், நம்ம ஆளு மவன்டா!" என்று கத்துவார்கள். காக்கிச் சட்டை போட்ட என்னைச் சுண்ணாம்புக் கையால் தொடுவார்கள். பேச்சு எப்படியாவது ஆபீஸ் வரைக்கும் போகும் என்று பயம். அதனால் அந்த டேனரிக்கு ஒரு வழி வைத்திருந்தேன். முதலாளி பாய் தொழுகைக்குப் போகிற வெள்ளிக்கிழமை அங்கே லீவு. ஞாயிறு வேலை உண்டு, வெள்ளி கிடையாது. நான் வெள்ளிக்கிழமை போவேன். பூட்டின கேட்டைத் தாண்டி நேராக மேஸ்திரி வீடு. வேலை கெடாமல் போகிறதே என்று அவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். அதற்கு முன்பு இரண்டு சின்ன நோட்டீஸ்களுக்கு அப்படித்தான் செய்தேன். ஒரு கேடும் வரவில்லை. இந்த நோட்டீஸுக்கும் அப்படியே செய்தேன். தாளின் முதுகில் என் கையாலேயே எழுதினேன்: வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, டேனரி முற்றத்தில், தொழிலாளர் முன்னிலையில்.

மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிவிடுவதாகத்தான் எண்ணம். சத்தியமாக. முதல் ஞாயிறு கோட்டை மைதானத்தில் கால்பந்து மேட்ச். இரண்டாவது ஞாயிறு ஹெட் கிளார்க் வீடு மாற்றினார், பெட்டி தூக்கப் போனேன். மூன்றாவது ஞாயிறு ஊருக்குப் போனேன். சாயங்காலம் டேனரியிலிருந்து மாமா வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன், கட்டை குத்திக் குத்தி வந்தார். அப்போதுதான் தோன்றியது: இப்போது சொன்னால், "டேனரில எப்ப படிச்ச? நான் கேக்கலியே" என்பாரே, என்ன பதில் சொல்வது? சந்து வழியாகத் திரும்பி பஸ் ஏறிவிட்டேன். கெடு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அடுத்த மாதம் மெட்ராஸிலிருந்து ஓர் ஆபீஸர் ஜீப்பில் வந்தார். கால் இழந்தவர்கள் பட்டியலில் பேர் இருந்தும் மனுப் போடாதவர்களை நேரில் பார்த்து விசாரிக்க வந்தார். நல்ல மனிதர். ஹெட் கிளார்க்கும் நானும் கூடப் போனோம். டேனரி முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். ஆபீஸர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என் தாளைப் படித்தார். மாமா கட்டையை ஊன்றி எதிரே நின்றார். சுற்றிலும் ஆட்கள். தொட்டியில் உங்கள் தாத்தா, என்னைத் தெரியாதவர் மாதிரி தோல் அலசிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, சர்க்கார் கால் தர்றேன்னு சொல்லுது. நீ பாட்டுக்கு உக்காந்திருக்கே? போன மாசம் வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு இங்கேயே படிச்சுக் காட்டினதா எழுதியிருக்கு. படிச்சாங்களா, இல்லையா?"

ஆபீஸருக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஒரு கிழமை, அவ்வளவுதான். அங்கே நின்ற மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பட்டை இடிக்கிற சத்தம்கூட நின்றது. கன்னியம்மா, "இன்னாது, வெள்ளிக்கெயமையா? வெள்ளிக்கெயம இங்க காக்காகூட..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு கன்னியம்மா" என்றார் மாமா. கட்டையைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். என்னைப் பார்த்தார். பிறகு ஆபீஸரைப் பார்த்து, "படிச்சாங்க சார். இந்தத் தம்பிதான் படிச்சாரு. நல்லா சத்தமாதான் படிச்சாரு. நான்தான் காதுல போட்டுக்கல" என்றார்.

அன்று அவர் என்னை மாப்ள என்று கூப்பிடவில்லை.

"கால் வேணாமா உனக்கு?"

"பளகிப் போச்சுங்க சார்."

ஆபீஸர் தலையை ஆட்டிக்கொண்டு பேருக்கு நேரே எழுதினார்: விருப்பமில்லை. நான் பக்கத்தில் நின்று மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, "சார், நான் படிக்கலை" என்ற ஒரு வார்த்தை, தொண்டை வரைக்கும் வந்தது. ஜில்லா முழுக்கக் கேட்கிற என் தொண்டை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். தாத்தா வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தின்ற கால், எத்தனை கழுவினாலும் வெள்ளையாகவே இருக்கும். திட்டுவார் என்று நின்றேன். இரண்டு காலையும் கழுவி முடித்து, "வெள்ளிக்கெயம நான் வூட்லதான்டா இருந்தேன்" என்றார். "மேஸ்திரி வூடு வரிக்கும் வந்தவன், ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போயிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். நோட்டீஸ் பற்றிச் சாகும்வரை கேட்கவில்லை.

மாமாவைப் பார்க்கவும் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. அவரே, "இன்னா மூஞ்சி தொங்குது? வுடு மாப்ள. கால் வந்தா டெய்லி ரெண்டு காலையும் கழுவணும், பேஜாரு" என்றார். சுவரில் செருப்பு தொங்குகிற ஆணியைப் பார்க்காமல் இருக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவருக்காக நானே இரண்டு மனு எழுதி அனுப்பினேன். இரண்டுக்கும் ஒரே பதில்: மனுதாரர் ஏற்கனவே விருப்பமில்லை என்று தெரிவித்துள்ளார். நான்தான் படிக்கவில்லை என்று அந்த மனுக்களில் எழுதியிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். எழுதவில்லை. வேலை போய்விடும். மாமா கடைசி வரைக்கும் கோணிமேல் உட்கார்ந்து ஓரம்தான் வெட்டினார். நான் விடாமல் பிடித்துக்கொண்ட அந்த சர்க்கார் வேலையில் வந்த சம்பளத்தில்தான் உங்கள் அம்மாவைக் கட்டினேன், நீங்கள் பிறந்தீர்கள்.

இப்போது அந்த டேனரி இல்லை. போன வருஷம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், லாரி ஷெட்டாகிவிட்டது. ஆவாரம் பட்டை வண்டிகள் வருவதில்லை. இப்போது வருகிற தோல் நாற்றமே வேறு, மருந்து நாற்றம். நோட்டீஸ் பேப்பரில் வருகிறது, ரேடியோவில் சொல்கிறார்கள். பாலாற்றில் தண்ணீரும் இல்லை, தொட்டியில் நின்றவர்களும் இல்லை, இடது செருப்புகள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஆபீஸில் ஜீப்புக்கு ஒலிபெருக்கி வந்ததும் கழித்துப் போட்ட குழல் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது.

உங்கள் அம்மாவுக்குக்கூடச் சொல்லாத ஒன்று உண்டு. விசாரணைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஆபீஸில் வேறு ஊர் பேரைச் சொல்லிவிட்டு அந்த டேனரிக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. ஆற்றுப் பக்கம் வெறும் முள்வேலிதான், நுழைந்துவிட்டேன். கொடியில் நாலைந்து தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. மாமா உட்காருகிற கோணி தூணோரம் மடித்து வைத்திருந்தது. அதற்கு எதிரே நின்று, பத்து மணி ஆகட்டும் என்று காத்திருந்தேன். மசூதிக் கடிகாரம் அடித்தது. குழலை வாயில் வைத்து அந்த நோட்டீஸை முதலிலிருந்து படித்தேன். பூனா, ரயில் பாஸ், துணைக்கு ஓர் ஆள், தாண்டிப் போன அந்தக் கடைசித் தேதி, ஒன்றையும் விடவில்லை. "யாருக்குனா சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றேன். பிறகு உத்தரவுப்படி, ஒரு பீடி பாதி எரிகிற நேரம் நின்றேன்.